சுவரோர வரிசை

கிளெமென்ட்டைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்றால், அவர் கையெழுத்து அழகாக இருக்கும். அதற்கு மேல் யோசித்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஒரே ஸ்டாஃப் ரூமில் அவருக்கு எதிர் மேசையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். கணக்கு வாத்தியார். அவர் கம்ப்யூட்டர் லேபுக்குப் பொறுப்பாளர்.

எங்கள் எஞ்சினியரிங் கல்லூரி வேடசந்தூர் ரோட்டில், ஒரு நூல் மில்லுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவே இருந்தது. புகையிலை வியாபாரத்தில் இருந்த சடையாண்டி தொண்ணூறுகளின் கடைசியில் கட்டியது. அவருக்குப் படிப்பின் மேல் பிரியம் என்று யாரும் தவறாக நினைத்துவிட வேண்டாம். மானாவாரியாகக் கிடந்த நிலத்தில் கல்லூரி வந்தால் சுற்றியிருக்கும் தன்னுடைய மற்ற நிலங்களும் விலை ஏறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏறியது.

கிளெமென்ட் நாகல் நகர்க்காரர். அவருடைய அப்பா ராயப்பராஜ் மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து நல்ல பெயர் எடுத்தவர். அந்தப் பெயரைத்தான் மகன் நெடுங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தபாலில் எம்.சி.ஏ. படித்தார். வீட்டு மாடியில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, டைப்பிங் தெரிந்த பெண்களுக்கு மறுபடியும் டைப்பிங்கே சொல்லிக்கொடுத்தார். கல்லூரிக்கு ஆள் எடுத்தபோது நேர்முகத்தில் சடையாண்டி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"கம்ப்யூட்டர் வாங்குனாப் பத்தாதாம்ல? அதுக்குள்ள போடுறதையும் தனியா வாங்கணுமாம்ல?"

"லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு சார். வாங்கவே வேண்டாம். சும்மா கிடைக்கும்."

"சும்மான்னா?"

"சும்மாதான் சார்."

அத்தோடு நேர்முகம் முடிந்தது. கிளெமென்ட்டுக்கு வேலை கிடைத்தது இப்படித்தான். லினக்ஸை அவர் தேர்ந்தெடுத்த காரணமும் இதற்கு மேல் ஆழமானது இல்லை. உலகத்தில் எத்தனையோ பேர் அதை அருமையாகப் பழக்கி வேலை வாங்குகிறார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்களில் ஒருவரும் எங்கள் கல்லூரிப் பக்கம் வந்ததில்லை.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வரும் சிடிதான் அவருக்கு மூலதனம். புதிய வெர்ஷன் வந்தால் பழையதன் மேலேயே போடுவார். எழுதிய புரோகிராமை மெஷின் பாஷைக்கு மாற்றிக் கட்டுகிற கம்பைலர் புதிதாக வந்தால், பழையதை எடுக்காமல் பக்கத்தில் இன்னொரு டைரக்டரி திறந்து அங்கே வைப்பார். எது எங்கே இருக்கிறது, எதை நம்பி எது ஓடுகிறது என்பது அவருக்கே தெரியாது. பழையதை எடுத்துவிடலாமே என்று யாராவது கேட்டால், "கிடந்துட்டுப் போகுது. அதென்ன கஞ்சியா கேக்குது?" என்பார். இதைக் கேட்டுச் சிரிக்கவும் ஸ்டாஃப் ரூமில் ஆள் இருந்தது. உண்மை என்னவென்றால் அவருக்குப் பயம். ஒன்றை உருவினால் எது சரியும் என்று தெரியாதவன் எதையும் தொடமாட்டான். அந்தப் பயத்துக்கு அவர் அனுபவம் என்று பெயர் வைத்திருந்தார்.

இரண்டாயிரத்து எட்டில் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. சடையாண்டி லேபுக்கே வந்து நின்றார். "எல்லாம் லேட்டஸ்ட்டா இருக்கணும்யா. வாரவன் வாயத் தொறக்கக் கூடாது" என்றார். கிளெமென்ட் வேலையைத் தொடங்கினார். கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது சுவரோர வரிசை. ஆகவே முதலில் அதிலுள்ள மெஷின்களுக்குப் புதிய லினக்ஸ் ஏற்றினார். ஜன்னல் வரிசைக்கு வருவதற்குள் குழுவே வந்துவிட்டது. வந்தவர்கள் சுவரோர மெஷின்களின் திரையில் இருந்த நீலப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சாப்பிட்டார்கள், போனார்கள். ஜன்னல் வரிசை அப்படியே விடுபட்டது. அதைச் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு அந்தச் சோம்பல் மட்டும்தான் உதவியது.

ஏனென்றால் புதிதாக்கிய சுவரோர வரிசையில், சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய புரோகிராம் எதுவும் ஓடவில்லை. எழுதலாம். கம்பைல் செய்தால் ஒரு தப்பும் காட்டாது. ஓடவிட்டால் மட்டும் இங்கிலீஷில் ஒற்றை வரி வந்து நின்றுவிடும். அதே புரோகிராமை ஜன்னல் வரிசையில் அடித்தால் ஓடும்.

கிளெமென்ட்டிடம் போய்ச் சொன்னார்கள். அவர் திரையைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"உன் புரோகிராம் தப்பு."

"அந்தப் பக்கத்து மெஷின்ல ஓடுது சார்."

"அப்ப அந்த மெஷின் தப்பு."

இதை ஒரு வகுப்பு முழுவதும் கேட்க, முகத்தில் சுருக்கம் விழாமல் சொன்னவர் அவர். அதன் பிறகு பையன்கள் அவரிடம் போவதை விட்டுவிட்டார்கள். லேப் மணி அடித்ததும், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல, ஜன்னல் வரிசை நாற்காலிகளில் நோட்டை வீசி இடம் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பிந்தி வந்தவனுக்குச் சுவர்.

ஒரே ஒரு பெண் மட்டும் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டாள். கடைசி வருஷம் படித்த தமிழ்நிலா. வேடசந்தூருக்கு அப்பால் ஒரு ஊர். அப்பா முனியப்பன் நூல் மில்லில் ஷிப்டு வேலை. கணக்கில் அவள் கெட்டி. வாயிலும் கெட்டி.

"சார், வேணும்ங்கிற லைப்ரரி வெர்ஷன் இல்லைன்னு அந்த வரியிலயே போட்டிருக்கு. நீங்க ஒரு தடவ படிச்சுப் பாருங்க."

"இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியாதுங்கிறியா?"

"அப்படிச் சொல்லல சார்."

"பின்ன எப்படிச் சொல்ற? போய் உக்காரு."

நவம்பரில் செய்முறைத் தேர்வு வந்தது. யாருக்கு எந்த மெஷின் என்று சீட்டுக் குலுக்கினார்கள். தமிழ்நிலாவுக்குச் சுவரோரம் விழுந்தது, கேள்வியும் சி பிளஸ் பிளஸில். நான் அன்று வேறொரு ஹாலில் இருந்தேன். உள்ளே நடந்ததைப் பிறகு அங்கே இருந்த பலரிடம் தனித்தனியாகக் கேட்டேன். எல்லோரும் ஒன்று போலத்தான் சொன்னார்கள்.

அவள் எழுதி முடித்துக் கம்பைல் செய்தாள். ஓடவிட்டாள். அந்த வரி வந்து நின்றது. வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவள் பின்னால் நின்றிருந்தார்.

"சார், என்னைய ஜன்னல் பக்கம் மாத்துங்க. இதே புரோகிராம அங்க அடிச்சுக் காட்டுறேன். செத்த நேரம் போதும்."

தேர்வாளர் கெட்டவர் இல்லை. அவர் கிளெமென்ட்டைப் பார்த்தார். கிளெமென்ட் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"எல்லா மெஷினும் ஒண்ணுதான் சார்" என்றார் கிளெமென்ட். "விடை வரலைன்னா பிள்ளைங்க வழக்கமாச் சொல்றதுதான் இது."

அவள் விடைத்தாளில் ஓட்டத்துக்கான மார்க் பூஜ்யம். சுவரோரத்தில் உட்கார்ந்த மற்றப் பையன்கள் விவரமானவர்கள். ஓடியதாகப் பாவித்து, விடை என்ன வரும் என்று மனசுக்குள் போட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். திரையில் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் பாஸ். தமிழ்நிலா ஃபெயில். அந்த வருஷம் எங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்ததே ஒரு கம்பெனிதான். அரியர் இருப்பவர்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் வகுப்பே உள்ளே போனபோது அவள் வராந்தாவில் நின்றாள்.

ரிசல்ட் வந்த வாரம் முனியப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். ஷிப்டு முடிந்து நேரே வந்திருப்பார் போல, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கிளெமென்ட் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"எப்பவும் மொத மார்க் வாங்குற பிள்ள சார். இதுல மட்டும் எப்படிப் போச்சுன்னு வெளங்கல."

"கவனம் இல்ல. வேறென்ன? வீட்டுல டிவி இருக்கா?"

"இருக்குங்க சார்."

"அதான்."

முனியப்பன் குற்றவாளியைப் போலத் தலை குனிந்தார். தமிழ்நிலா, "மெஷின்ல கோளாறுப்பா. நான்தான் சொன்னேன்ல" என்றாள்.

நான் எழுந்து, "பிள்ளைங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க கிளெமென்ட். ஒருக்காப் பாத்துரலாமே" என்றேன்.

"நீங்க மேத்ஸ் ஆளு சார். இது வேற" என்று என்னை உட்காரவைத்துவிட்டு முனியப்பனிடம் திரும்பினார். "பாத்தீங்களா? தப்பு பண்ணுனா மெஷினக் குத்தம் சொல்றது. இந்தப் புத்தி இருந்தா எப்படிப் படிப்பு ஏறும்?"

முனியப்பன் மகளைப் பார்த்தார். "ஏத்தா, சார் எம்புட்டுப் படிச்சவரு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுபோச்சு? மன்னிப்புக் கேளு."

"எதுக்குப்பா?"

"கேளுங்கிறேன்ல."

அவள் கிளெமென்ட்டின் மேசையைப் பார்த்து, "சாரி சார்" என்றாள். அந்த மன்னிப்பை அவர் வாங்கிக்கொண்டார். கூசவே இல்லை. "பரவால்ல, பரவால்ல. அடுத்த தடவ ஒழுங்காப் பண்ணு" என்று பெருந்தன்மை வேறு காட்டினார். முனியப்பன் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் ரீனா என்ற லெக்சரர் புதிதாக வந்து சேர்ந்திருந்தார். சின்னாளப்பட்டிக்காரி. மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பேச்சில் வழவழா கிடையாது. நடந்ததைக் கேட்டுவிட்டுத் தமிழ்நிலாவின் புரோகிராமை வாங்கிச் சுவரோர மெஷின் ஒன்றில் அடித்தார். அந்த வரி வந்தது. படித்தார். அவ்வளவுதான் அவர் செய்த அதிசயம்: வந்த வரியைப் படித்தார். அரை வருஷமாக லேப் பொறுப்பாளர் செய்யாதது.

எனக்கு விளங்கும்படி அவர் சொன்னது இது. சி பிளஸ் பிளஸ் புரோகிராம் ஓட ஒரு துணைக் கோப்பு வேண்டும். அதற்கு லைப்ரரி என்று பெயர். புதிய லினக்ஸோடு புதிய கம்பைலரும் அதற்குப் பொருத்தமான புதிய லைப்ரரியும் வந்திருக்கின்றன. ஆனால் சில வருஷங்களுக்கு முன்பு கிளெமென்ட் கையால் போட்ட பழைய லைப்ரரி, அதே பெயரில், வேறொரு டைரக்டரியில் எடுக்கப்படாமல் கிடக்கிறது. முதலில் அங்கேதான் தேட வேண்டும் என்று மெஷினுக்கு அப்போதே எழுதியும் வைத்துவிட்டார். புதிய கம்பைலர் கட்டிய புரோகிராம் ஓடும்போது லைப்ரரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. வந்து நிற்பது பழையது. புரோகிராம் கேட்கும் புது விஷயங்கள் அதனிடம் இல்லை. நின்றுவிடுகிறது. ஜன்னல் வரிசையில் கம்பைலரும் பழையது என்பதால் சண்டை இல்லை.

"பழச ஒதுக்கி வச்சாப் போதும் சார். காப்பி குடிக்கிற நேரத்து வேலை" என்றார் ரீனா.

பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஸ்டாஃப் ரூமில் கிளெமென்ட்டின் மேசையில் இருந்த மெஷினிலும் அதே புதிய லினக்ஸ்தான். அதில் மட்டும் அவர் வகுப்புக்கான புரோகிராம்களை ஓட்டிப் பார்க்கிறாரே, எப்படி? கிளெமென்ட் டீ குடிக்கப் போயிருந்தார். மெஷின் திறந்தே கிடந்தது. ரீனா உட்கார்ந்து அந்த டைரக்டரியைத் திறந்தார். பழைய லைப்ரரியின் பெயர் மாற்றப்பட்டு ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. மாற்றிய மாதம் செப்டம்பர் என்று மெஷினே காட்டியது. தேர்வு நடந்தது நவம்பரில்.

அதுவரை எனக்கு அவர் மேல் இருந்தது எரிச்சல். தெரியாத மனுஷன், தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறான் என்று நினைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் மேசையை மட்டும் சரிசெய்துகொண்டு, அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டே தேர்வாளரிடம், எல்லா மெஷினும் ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறார்.

டீ டம்ளரோடு உள்ளே வந்தவரிடம் ரீனா நேராகக் கேட்டார்.

"உங்க மெஷின்ல மட்டும் பழச ஒதுக்கி வச்சிருக்கீங்களே சார். லேப்ல ஏன் பண்ணல?"

கிளெமென்ட் பதறவில்லை. ஒரு மடக்கு குடித்தார். "லேப்ல பண்ணா என்னாகும்? நேத்து வரைக்கும் ஓடாதது இன்னைக்கு ஓடும். அப்ப இத்தன நாளாத் தப்பு நம்மகிட்டதான்னு பசங்க சொல்லமாட்டாங்களா?" நாங்கள் இருவரும் ஆமாம் போடுவோம் என்று எதிர்பார்த்தவரைப் போல எங்களைப் பார்த்தார்.

பிரின்சிபால் பாக்கியராஜிடம் போனோம். அவர் நாற்காலியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த மனிதர். "யூனிவர்சிட்டிக்கு எழுதுனா நம்ம காலேஜ் பேருதான் கெடும்" என்றார். "அந்தப் பொண்ணு ஏப்ரல்ல மறுபடி எழுதட்டும். ஜன்னல் பக்கம் போட்ருங்க. லீவுல லேபச் சுத்தம் பண்ணிரலாம்." தமிழ்நிலா ஏப்ரலில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். கொடுத்த நேரத்தில் பாதிகூட ஆகவில்லை, எழுந்து போய்விட்டாள். ஃபுல் மார்க்.

மே மாதம் கிளெமென்ட் சுத்தம் செய்தார். தன்னைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள் என்ற கோபத்தோடு செய்தார். ஒதுக்கி வைத்தால் போதும் என்று ரீனா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. எல்லா மெஷினிலும் அந்த டைரக்டரியையே துடைத்து அழித்தார். போகிற போக்கில் ஆபீஸ் சர்வரிலும் அழித்தார். எது எதை நம்பி நிற்கிறது என்று அன்றைக்கும் பார்க்கவில்லை. பல வருஷம் எதையுமே தொடாமல் இருந்தவர், தொட்ட அன்றைக்கு எல்லாவற்றையும் தொட்டார்.

அட்மிஷன் தொடங்கிய நாள். வெளியே பெற்றோர் கூட்டம். ஆபீஸில் அட்மிஷன் போடுகிற புரோகிராம் திறக்கவில்லை. அது கிளெமென்ட் வந்த புதிதில் கட்டியது. அந்தப் பழைய லைப்ரரிகளை நம்பித்தான் இத்தனை வருஷமும் ஓடியிருக்கிறது. மறுபடி கட்டலாம் என்றால் அதற்காக அன்று எழுதிய மூல நிரல் எப்போதோ கெட்டுப்போன ஒரு டிஸ்க்கோடு போய்விட்டது. சடையாண்டி வந்து நின்றார்.

"என்னய்யா ஆச்சு?"

"பழைய வெர்ஷன எடுத்ததுல ஒரு சின்ன டிபென்டென்சி சார்..."

"எவன் எடுக்கச் சொன்னது?"

கிளெமென்ட் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் சுவரைப் பார்த்தார்.

"ஆளுக வெயில்ல நிக்கிறாங்கய்யா வெளிய" என்றார் சடையாண்டி. "சாயங்காலத்துக்குள்ள ஓடலைன்னா நீ நாளைக்கு வர வேண்டாம்."

சாயங்காலம் வரை கிளெமென்ட் பழைய சிடிகளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஓடவில்லை. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. ஒரு பெண்ணை வேண்டுமென்றே ஃபெயிலாக்கியதற்கு அவருக்கு ஒரு கடுஞ்சொல்லும் விழவில்லை. முதலாளியின் கல்லாவுக்கு முன்னால் கூட்டம் தேங்கியதற்கு வேலை போயிற்று. சடையாண்டியின் நியாயம் அவ்வளவுதான். அதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளெமென்ட் சோர்ந்து போயிருப்பார் என்று யாராவது நினைத்தால் அவரைத் தெரியாதவர்கள். நாகல் நகரில் அதே மாடியில் மறுபடியும் கம்ப்யூட்டர் மையம் திறந்தார். தமிழ்நிலாவுக்கு அதற்குள் கோயம்புத்தூரில் ஒரு சிறிய கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வருஷக் கடைசியில் மாடிப்படியின் கீழே ஒரு போர்டு தொங்கியது. அதில் அவள் படம். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான், அவரிடம் இருந்திருக்கிறது. "எங்கள் மாணவி, இன்று சாஃப்ட்வேர் எஞ்சினியர்" என்று எழுத்து.

லீவுக்கு வந்தவள் அப்பாவோடு துணி எடுக்க நாகல் நகர் வந்தபோது அதைப் பார்த்துவிட்டாள். நான் எதிர் டீக்கடையில் இருந்தேன். அவள் படியேறிப் போய் அவரைக் கீழே கூட்டி வந்தாள்.

"இதக் கழட்டுங்க சார்."

"ஏம்மா? உனக்குப் பெருமைதான? நான் சொல்லிக்கொடுத்த பிள்ள நீ."

"நீங்க எனக்கு என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

கிளெமென்ட் சிரித்துக்கொண்டே முனியப்பனிடம் திரும்பினார். "என்ன முனியப்பன், பிள்ள இப்படிப் பேசுது? நீங்க ஒண்ணும் சொல்றதில்லையா?"

முனியப்பன் கையிலிருந்த துணிப்பையைக் கீழே வைத்தார். "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார்" என்றார்.

முனியப்பன் டீக்கடையிலிருந்து ஒரு ஸ்டூலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறி, கட்டியிருந்த கம்பியை முறுக்கி அவிழ்த்துப் போர்டை இறக்கினாள். படத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு மீதியைக் கிளெமென்ட்டின் காலடியில் சாத்திவைத்தாள். இருவரும் ஆட்டோ ஏறிப் போனார்கள்.

அடுத்த வாரம் அங்கே வேறொரு பெண்ணின் படம் தொங்கியது. யாரென்று விசாரித்தேன். ஒட்டன்சத்திரத்துப் பெண். அவள் அந்த மாடிப்படியை ஏறியதே இல்லை.